அரைவயிற்றுக்காரி

தமிழ்ப்பள்ளியில் படித்தவர் எவரும் வினைமரபுப் பயிற்சியை மறந்திருக்க மாட்டார்கள். பானை வனைந்தான், கூடை முடைந்தான், அம்பு எய்தான் என்று வரிசையாக எழுதி மனனம் செய்ய வேண்டும். அந்த வரிசையில் சோறு உண்டான், பழம் தின்றான், பால் பருகினான் என்பனவும் வரும். 'சோறு தின்றான்' என்று எழுதினால் எங்கள் ஐந்தாம் ஆண்டு ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைப்பார். நாங்களோ வீட்டிற்குப் போனதும் எல்லாவற்றையும் 'சாப்பிட்டு' விடுவோம். சோறு சாப்பிட்டோம், பழம் சாப்பிட்டோம், மாத்திரையும் சாப்பிட்டோம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு அந்த ஒரு சொல்லும் 'மாக்கான்' ஆகிவிட்டது. 'தின்' என்பது கோபத்தில் திட்டும்போது மட்டும் பயன்படும் சொல் என்றே நானும் என் தோழிகளும் நினைத்திருந்தோம்.

இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒரு மருத்துவமனைக் கட்டிலின் அருகில் இவ்வளவு முக்கியமாகும் என்று எந்த இலக்கண நூலும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

என் பாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மணமாகி, அங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் உடைபட்ட பிறகு அப்பா வாங்கிய தாமான் வீட்டில் எங்களோடு இருக்கிறார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். கையெழுத்தும் தமிழில்தான். பற்கள் எல்லாம் போய்விட்டன. பல் செட் ஒன்று செய்து கொடுத்தோம். அது சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நீரில் மிதந்தபடி எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக் கொண்டிருக்கும். வெற்றிலை பாக்கை மட்டும் சின்ன இரும்பு உரலில் இடித்து வாயில் போட்டுக்கொள்வார். மற்றதையெல்லாம் ஈறாலேயே இரண்டு அழுத்து அழுத்திவிட்டு விழுங்கிவிடுவார்.

அவரோடு தோட்டத்தில் வேலை செய்த பாட்டிமார்கள் எங்காவது திருமண வீட்டில் சந்தித்தால் அவரை 'அரவயித்துக்காரி' என்றுதான் அழைப்பார்கள். பாட்டி மிகவும் கொஞ்சமாகச் சாப்பிடுவார். அதனால் வந்த கேலிப் பெயர் என்றே வீட்டில் எல்லாரும் எண்ணியிருந்தோம். தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாதவர்கள் யார்? எங்கள் தாத்தாவின் பட்டப்பெயரை இந்த இதழில் அச்சிட முடியாது.

2025ஆம் ஆண்டு சீனப் பெருநாள் ஜனவரி 29ஆம் தேதி வந்தது. தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் தேதி. இரண்டு பெருநாளும் அடுத்தடுத்து வந்தால் எங்கள் வீட்டிற்குக் கொண்டாட்டம்தான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியை நாங்கள் 'ஆ சோ' என்று அழைப்போம். அவர் ஆரஞ்சு, பலகாரம், பழங்கள் என்று வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டே இருப்பார். அந்த ஆண்டு ஒரு பெட்டி நிறைய 'பீசாங் காக்கி' கொடுத்தார். பெயரைப் பாருங்கள்: பீசாங் என்றால் வாழை, காக்கி என்றால் கால். அது வாழையும் அன்று, காலும் அன்று. 'காக்கி' என்பது அப்பழத்தின் ஜப்பானியப் பெயர். பார்க்க ஆரஞ்சு நிறத் தக்காளி போலிருக்கும். நன்றாகக் கனிந்தால் தேன். கனியாவிட்டால் நாக்கையே சுருட்டி இழுக்கும் துவர்ப்பு. துவர்ப்பு என்றால் பாட்டிக்கு உயிர். பழம் கனியும் வரை காத்திருக்கவே மாட்டார். தோலோடு கீற்றுக் கீற்றாக நறுக்கி, பெருநாள் தொடங்கியதிலிருந்து தினமும் எடுத்துக்கொண்டிருந்தார். தைப்பூசத்திற்கு முந்திய மூன்று நாள் அவருக்கு விரதம். சோறு கிடையாது. பாலும் பழமும் மட்டும்.

பிப்ரவரி 13ஆம் தேதி இரவு வயிற்றுவலி தொடங்கியது. வலி வரும், முறுக்கும், போகும், மறுபடியும் வரும். விடிவதற்குள் பச்சையாக வாந்தி. அப்பா அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்குக் கொண்டு சென்றார். நான் கோலாலம்பூரில் இருந்தேன். வெள்ளிக்கிழமை விரிவுரை முடிந்ததும் பேருந்தைப் பிடித்து ஈப்போ வந்து இறங்கியபோது இரவு ஆகிவிட்டது. பெண்கள் வார்டில் இரவில் பெண் துணைதான் இருக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு வந்தது.

பாட்டியின் மூக்கின் வழியாக ஒரு குழாய் இரைப்பைவரை சென்றது. அதன் மறுமுனையில் தொங்கிய பையில் பச்சைப் பாசி போல நீர் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் டிரிப். வயிறு முரசு போல உப்பியிருந்தது. குடல் அடைப்பு என்றார்கள். சிறுகுடலை நாம் சோறு இறங்கும் ஒரு குழாய் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர் என எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் திரவம் அதற்குள் வருகிறதாம். பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வழி அடைபட்டால் அவ்வளவும் அடைப்புக்கு மேலே தேங்கும். குடல் தடையைத் தள்ளப் பார்க்கும்போது முறுக்கு வலி வரும். தள்ள முடியாமல் ஓயும்போது வலி தணியும். ஆகவே வலி விட்டுவிட்டது என்று நோயாளி சொன்னால் மருத்துவர்கள் மகிழ்ந்துவிடுவதில்லை. வீக்கம் கூடிக் குடற்சுவருக்கு இரத்தம் போகாமற் போனால் குடல் அழுகும், ஓட்டை விழும். அதற்குப் பிறகு நேரம் மணிக்கணக்கில்தான்.

பாட்டியின் வயிற்றில் நடுவே மேலிருந்து தொப்புள்வரை ஒரு பழைய தழும்பு இருந்தது. வயிற்றில் முன்பு அறுவை நடந்தவர்களுக்குக் குடல் அடைப்பு வந்தால் முதலில் நினைப்பது உள்தழும்பைத்தான். பழைய காயம் ஆறும்போது நாரைப் போல இழை உருவாகிக் குடலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிறுகுடல் அடைப்பிற்கு மிகப் பெரும்பான்மையான காரணம் அதுவே. குழாய் வைத்து, நீர் ஏற்றி, வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் இரண்டு மூன்று நாள் காத்திருந்தால் கத்தியில்லாமலேயே பலருக்கு அது அவிழ்ந்துவிடும். எனவே காத்திருந்தார்கள். அது நியாயமான முடிவுதான். கோப்பில் இரண்டு வரிகள் எழுதியிருந்தன. ஒன்று: கடந்த சில நாள்களாக உணவு எதுவும் உட்கொள்ளவில்லை. மற்றொன்று: பழைய அறுவை, விவரம் தெரியவில்லை. அப்பா சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. பாட்டி விரதம் இருந்தார், சோறு தொடவில்லை. அந்த அறுவை 1975இல் நடந்தபோது அப்பாவுக்கு வயது நான்கு.

அன்றிரவு எனக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு அனுபவத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். குடல் அடைப்பில் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: காற்று வெளியேறியதா? அதாவது... வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். இளம் மலாய் மருத்துவர் ஒருவர் தமிழ் நோயாளிகளுக்காகச் சில சொற்களைக் கற்று வைத்திருந்தார். மிகுந்த அன்போடு குனிந்து, "பாட்டி, வாயு?" என்று கேட்டார். பாட்டி உடனே, "ஆமாய்யா, நெஞ்சு பூரா வாயுதான்" என்றார். அவர் மகிழ்ச்சியோடு கோப்பைத் திறந்தார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். பாட்டியின் தமிழில் வாயு என்பது உள்ளே அடைத்துக்கொண்டு வருத்துவது. வெளியே போவதற்கு வேறு சொல். அந்தச் சொல்லை நான் உரக்கச் சொன்னதும் பக்கத்துக் கட்டில்களில் இருந்த நான்கு தமிழ்ப் பெண்களும் வலியோடு சிரித்தார்கள். மருத்துவர் அதைத் தம் கைப்பேசியில் எழுதிக்கொண்டார். பாட்டியின் உண்மையான விடை, "இல்லய்யா, முந்தாநேத்துலேருந்து இல்ல."

சனிக்கிழமை காலை வலி குறையவில்லை. வயிறு இன்னும் உப்பியது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மதியத்திற்கு முன் அறுவை மருத்துவர் வந்தார். மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசும் பெண்மணி. என்னைக் கணினிக்கு அருகில் அழைத்துப் படத்தைக் காட்டினார். சிறுகுடல் ஓரிடம்வரை நீர் நிரம்பிப் பெருத்திருந்தது. அதற்குக் கீழே சுருங்கிய நூல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு முட்டை வடிவம், அதற்குள் சின்னச் சின்னக் காற்றுப் புள்ளிகள், ரொட்டியின் உட்புறம் போல. பார்ப்பதற்கு மலம் போலத் தோன்றுகிறது, ஆனால் அந்த இடத்தில் மலம் இருக்கக் கூடாது என்றார். உள்தழும்பாக இருந்தால் இப்படி ஒரு பொருள் தெரியாது. "இவர் எதையோ முழுசாக விழுங்கியிருக்கிறார். பழம், காளான், நார் உள்ள ஏதாவது ஒன்று. கேளுங்கள்."

நான் பாட்டியிடம் வந்து கேட்டேன். "பாட்டி, இந்த ரெண்டு வாரமா என்னென்ன சாப்பிட்டீங்க?"

"என்னாத்த சாப்பிட்டேன்? வெரதம்மா. அதுக்கப்புறம் ரெண்டு வாய் தயிர்ச்சோறு. அவ்ளோதான்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். கோப்பில் இருந்த அதே விடை. அப்போது எதிர்க் கட்டிலில் இருந்த அம்மா ஒருவர், கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தவர், எங்களைப் போலவே தோட்டத்துக்காரர், படுத்தபடியே சொன்னார்: "அப்படிக் கேட்டா அது எப்படிம்மா சொல்லும்? என்னா தின்னீங்கன்னு கேளு."

கேட்டேன். 'தின்'னோடு 'ஈங்க' சேர்த்து அதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. "பாட்டி, என்ன தின்னீங்க?"

"பழம் தின்னேன். ஆ சோ குடுத்தாளே, பீசாங் காக்கி. வெரதத்துல வேற என்னா இருக்கு? நாளைக்கு மூணு, நாலு."

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. 'பீசாங் காக்கி' என்ற சொல்லைக் கேட்டதும் மருத்துவர் பேனாவை மூடிவிட்டார்.

பாட்டியின் தமிழில் சாப்பாடு என்றால் சோறு. சோறு இல்லாத நாளில் அவர் எத்தனை பழம் தின்றாலும் எத்தனை குவளை பால் குடித்தாலும் 'ஒன்னும் சாப்பிடவில்லை' என்பதுதான் உண்மை. விரதத்தின் பொருளே அதுதானே. ஐந்தாம் ஆண்டில் நான் மனனம் செய்த மரபை அவர் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட படிப்போடு அப்படியே பேசிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். பழைய அறுவை எதற்கு? பாட்டி கையால் தழும்பைத் தடவிக்கொண்டு சொன்னார். "வயித்துப் புண்ணு டாக்டரே. ரத்தமா வாந்தி எடுத்தேன். பெரியாஸ்பித்திரியில பாதி வயித்த வெட்டி எடுத்துட்டாங்க. அதாலதான் என்னை அரவயித்துக்காரின்னு கூப்புடுவாளுங்க."

நான் அதை மலாயில் சொன்னேன்: பாதி வயிறு உள்ள பெண். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடல் சிலிர்த்தது. ஐம்பது ஆண்டுகளாகத் திருமண வீடுகளில் எல்லாரும் கூவி அழைத்த அந்தப் பெயர் கேலி அன்று. அது ஒரு மருத்துவக் குறிப்பு. கோப்பில் 'விவரம் தெரியவில்லை' என்று எழுதியிருந்த வரிக்கு விடை.

பிறகு மருத்துவர் சொன்னதையும் நான் அறிவியல் மாணவி ஒருத்தியின் உதவியோடு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். (நான் படிப்பது கணக்கியல். குடலுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு சாப்பிடும் நேரத்தில் மட்டும்தான்.) அந்தப் பழத்தில், குறிப்பாகக் கனியாத பழத்திலும் தோலிலும், துவர்ப்புச் சத்து மிகுதி. அதுவே டானின். இரைப்பையின் அமிலம் பட்டதும் அது பிசினாகி, பழத்தின் நாரையும் மற்ற உணவுத் துணுக்குகளையும் ஒன்றாக ஒட்டி உருண்டையாக இறுகிவிடும். இந்தியாவில் இதே இனத்தைச் சேர்ந்த பனிச்சைக் காயின் சாற்றைப் படகுக்கும் மீன்வலைக்கும் பூசுவார்கள், நீர் புகாமல் இருப்பதற்காக. அப்படி ஒட்டக்கூடிய பொருள் வயிற்றுக்குள் சும்மா இருக்குமா?

நல்ல பல்லும் முழு இரைப்பையும் உள்ளவர் அளவோடு தின்றால் ஒன்றும் ஆகாது. சீனாவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் காலங்காலமாகத் தின்கிறார்கள். இரைப்பை என்பது ஒரு பை மட்டுமன்று, அம்மி போன்றது. உணவை அரைத்துக் கூழாக்கிய பிறகே வாசலைத் திறந்து சிறுகுடலுக்குள் விடும். பாட்டிக்கு அந்த அம்மியில் பாதி இல்லை. வாசலும் இல்லை. வாயில் பல்லும் இல்லை. நீரிழிவு இருப்பதால் இரைப்பையின் அசைவும் குறைந்திருக்கலாம். வெறும் வயிற்றில், தோலோடு, துண்டு துண்டாகப் போன பழம் அங்கேயே தங்கி உருண்டையாகிவிட்டது. பிறகு அதில் ஒன்று கீழே இறங்கி, சிறுகுடல் குறுகும் பகுதியில் சிக்கிக்கொண்டது. சிறுகுடல் அடைப்பு வரும் நூறு பேரில் இப்படி உணவுருண்டையால் வருவது நான்கு பேருக்கு மேல் இராது. அந்த நால்வரில் ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார்.

1975ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் வயிற்றுப் புண் முற்றினால் இரைப்பையை வெட்டுவது வழக்கமான சிகிச்சை. அமிலத்தைக் குறைக்கும் சிமெடிடின் என்ற மாத்திரை அடுத்த ஆண்டுதான், 1976இல், பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் கண்டார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இன்று இரண்டு வார மருந்தில் தீரும் நோய்க்காக என் பாட்டி இருபத்தெட்டு வயதில் பாதி இரைப்பையைக் கொடுத்துவிட்டார். அவர் வயதுடைய எத்தனை தாத்தா பாட்டிகளின் வயிற்றில் அப்படியொரு தழும்பு இருக்கிறதோ! அவர்களுடைய பழைய மருத்துவ அட்டைகள் லயத்து வீடுகளோடு போய்விட்டன.

"கொக்கோ கோலா குடுத்தா கரைஞ்சுரும்னு கேள்விப்பட்டேனே" என்றார் செய்தி கேட்டு ஓடிவந்த என் சின்ன மாமா. எல்லாரும் அவரை முறைத்தோம். மருத்துவர் முறைக்கவில்லை. அது உண்மைதான் என்றார். இரைப்பைக்குள்ளேயே இருக்கும் நார் உருண்டைகள் பலவற்றைக் கோலாவைக் கொடுத்தே கரைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பழத்தின் உருண்டை கல் போன்றது, எளிதில் கரையாது. பாதி கரைந்தாலோ கீழே நழுவிக் குடலை அடைக்கும். ஏற்கெனவே குடலை அடைத்துவிட்டதற்கு அது வைத்தியமே இல்லை. மாமாவுக்கு இன்றுவரை தாம் பாதி சரி என்பதில் பெருமை.

அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும். உயிருக்கு ஆபத்து உண்டு, எழுபத்தெட்டு வயது, நீரிழிவு, இரண்டு நாளாக நீர்ச்சத்து இழந்த உடல் என்று மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். செய்தித்தாள் தமிழில் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. 'ஆபத்து', 'சாத்தியம்', 'விளைவு' என்பன தொண்டையில் சிக்காமல் வரும் சொற்கள். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செத்துப் போவேனான்னு சொல்றாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "சும்மா கெடந்தா?" என்றார். மருத்துவரைக் கேட்டேன். சும்மா கிடந்தாலும் அதுதான் என்றேன். "அப்ப வெட்டச் சொல்லு." பேனாவை வாங்கித் தம் பெயரை எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதினார். மலாய்ப் படிவத்தின் அடியில் அந்த ஐந்து தமிழ் எழுத்துகளையும் தாதி ஒருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தள்ளுவண்டி வரும்வரை இருந்த நேரத்தில் பாட்டி கேட்டார், "பழம் எப்படி கல்லா போகும்? பொய் சொல்றாங்க." அமிலம், டானின் என்று எதைச் சொன்னாலும் பயனில்லை. "பாட்டி, ஸ்டோர்ல பால்ல ஆசிட் ஊத்துவீங்கல்ல?" என்றேன். தோம்பு தோம்பாகச் சுமந்து வந்த ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி அமிலம் கலந்தால் சற்று நேரத்தில் கட்டியாகிவிடும் என்பதை அவரிடம்தான் நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். பாட்டியின் கண்கள் விரிந்தன. "அட, வயித்துக்குள்ள கட்டிப்பாலா?" என்றார். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. அறுவைக் கூடத்தின் கதவுவரை அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

இரண்டரை மணி நேரம் ஆனது. அப்பா வெளியே நடந்துகொண்டே இருந்தார். அம்மா கந்தர் சஷ்டி கவசத்தைப் பாதியில் மறந்து மறுபடி மறுபடி தொடங்கினார். நான் விற்பனை இயந்திரத்தில் மைலோ வாங்கி ஆறவைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் வெளியே வந்து கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். துணியின் மேல் இரண்டு உருண்டைகள். ஒன்று கோழிமுட்டை அளவு, குடலில் இருந்தது. மற்றொன்று அதைவிடப் பெரியது, இரைப்பையிலேயே இருந்தது. அதையும் எடுக்காமல் விட்டிருந்தால் பின்னொரு நாள் அதுவும் இறங்கியிருக்கும். பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். ஓரத்தில் தோல் கீற்று ஒன்று அப்படியே தெரிந்தது. குடல் அழுகவில்லை, ஒட்டிய இடம் சிவந்திருந்ததோடு சரி, வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை என்றார். இன்னும் ஒரு நாள் காத்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியுமா என்று அப்பா கேட்டார். அவர் அதற்கு விடை சொல்லாமல் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்ட உருண்டைக்கு ஆங்கிலத்தில் 'பெசோவார்' என்று பெயர். மூலம் பாரசீகச் சொல், பொருள் நஞ்சு முறிப்பான். ஆட்டின் வயிற்றில் கிடைக்கும் கல்லை அக்காலத்து அரசர்கள் விஷத்திற்கு மருந்தாக நம்பிப் பொன் விலை கொடுத்து வாங்கினார்கள். நம் நாட்டிலும் முள்ளம்பன்றியின் வயிற்றுக் கல்லைக் 'கெலிகா' என்று சொல்லி இன்றும் பெரும் விலைக்கு விற்கிறார்கள். நாம் மட்டும் என்ன? குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல்தானே. இதைச் சொன்னதும் பாட்டி, "அப்ப என் கல்ல எங்க? வித்திருக்கலாமே" என்றார். அது அறுவைக்குப் பின் நான்காம் நாள். அன்றுதான் அந்த இளம் மருத்துவர் வந்து, திருத்திக் கற்ற சொல்லைச் சரியான உச்சரிப்போடு பாட்டியிடம் கேட்டார். பாட்டியும் வார்டு முழுவதும் கேட்கும்படி, "ஆச்சுய்யா!" என்றார். எதிர்க் கட்டில் அம்மா கைதட்டினார்.

வீட்டிற்கு வந்த பிறகு வேறொரு சிக்கல். ஆ சோவிடம் என்ன சொல்வது? "பழத்தாலன்னு சொல்லிறாதீங்க, அவ மனசு ஒடைஞ்சுரும்" என்று பாட்டி கட்டளையிட்டுவிட்டார். அப்பாவும் அதையே சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆ சோவுக்கும் எழுபதுக்கு மேல். அவரும் அதே பெட்டியிலிருந்துதான் தின்கிறார். இதைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் ஆ சோவே பாலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தபோது நான் மலாயில் சொல்லிவிட்டேன். பாட்டி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

ஆ சோ அழவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு பாட்டியைத் திட்டத் தொடங்கினார். வெறும் வயிற்றில் அந்தப் பழத்தைத் தின்னக் கூடாது, நண்டோடு தின்னக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லியே வளர்த்தாராம். சோறு சாப்பிட்ட பிறகு, தோலை உரித்து, நன்றாகக் கனிந்ததை ஒன்றே ஒன்று. "நீ ஏன் சோறு சாப்பிடாமல் இருந்தாய்? வீட்டில் அரிசி இல்லையா?" என்று பஜார் மலாயில் கேட்டார். பாட்டி, சாமிக்காக என்றார். "சாமி பழம் தின்னச் சொன்னதா?" என்றார் ஆ சோ. முப்பது ஆண்டுகளாக வேலியில் பலகாரம் மாற்றிக்கொண்ட இருவரும் இதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டதே இல்லை. கிளம்பும்போது ஆ சோ சாமி மேடைவரை நடந்துபோய், கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து பாட்டியின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் பல்கலைக்கழகத்திற்குத் திரும்புவதற்கு முந்திய இரவு ஓர் அட்டையில் பாட்டியின் மருத்துவ விவரங்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன். 1975, வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதி அகற்றப்பட்டது. 2025, உணவுருண்டையால் சிறுகுடல் அடைப்பு, அறுவை. நீரிழிவு, உட்கொள்ளும் மருந்துகள், அப்பாவின் தொலைபேசி எண். பிளாஸ்டிக் உறை போட்டு அவருடைய சுருக்குப் பையில், வெற்றிலைக்கு அடியில் வைத்தேன். பாட்டி அதை வெளியே எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, தமிழ் வரிகளை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அரவயித்துக்காரின்னு எழுதலியே?" என்றார். "அதச் சொன்னாத்தான அந்த டாக்டரம்மாவுக்குப் புரிஞ்சது."

உறையைப் பிரித்து, மூன்று மொழிகளிலும் அதைச் சேர்த்து எழுதினேன்.